குளிரில் ஸ்டார்ட் எடுக்காத எஞ்சினும் பிறகு சேர்த்த ஒரு வரியும்

போன ஞாயிற்றுக்கிழமை பிலிப்-து-ஜிரார் தெருத் தேநீர்க் கடையில் நீங்கள் நான்கு பேரும் என்னைச் சுற்றி இருந்தீர்கள். படகுப் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு குளிர்காலத்தைக்கூட முழுதாகக் காணாதவர்கள். உங்களில் இளையவள் கேட்டாள்: "மாமா, இன்ஜெக்சன் எஞ்சின் குளிருக்கை ஸ்டார்ட் எடுக்காட்டி முதல்ல எதைப் பாக்கோணும்?"

"பற்றரியை" என்று சொல்லிவிட்டு நான் தட்டில் இருந்த ரோல்ஸைக் கையில் எடுத்தேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதிலைக் கடையில் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

பழைய கார்பரேற்றர் எஞ்சின்களில் பெற்றோல் கைப்பிடியை முறுக்கி முறுக்கி ஸ்டார்ட் எடுக்க வைப்பார்கள். இன்ஜெக்சன் எஞ்சினில் அது வீண் வேலை. எவ்வளவு பெற்றோல், எந்த நேரம் என்பதை எஞ்சினுக்குள் இருக்கும் கணினிப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. அந்தப் பெட்டி, பெற்றோல் பம்ப், ஸ்டார்ட்டர் மூன்றுக்கும் ஒரே பற்றரி. கடும் குளிரில் பற்றரி சோர்ந்துவிடும், ஒயில் தடித்துவிடும். தடித்த எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் இருக்கிற மின்சாரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். மற்ற இரண்டுக்கும் மிஞ்சுவது போதாது. சுற்றுகிற சத்தம் கேட்கும், எஞ்சின் பிடிக்காது. இவ்வளவும் உங்களுக்கு வகுப்பில் படிப்பித்திருப்பார்கள். நான் சொல்லப்போகிற அந்தச் சனிக்கிழமை காலையில் எனக்கும் இவ்வளவும் தெரிந்திருந்தது.

அப்போது நான் ஒபர்வில்லியேயில் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்தேன். பத்ரோன், அதாவது முதலாளி, எங்கள் ஆள், குணம் அண்ணை. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று மார்ன் ஆற்றங்கரையில் இருந்த துடுப்புப் படகுக் கழகம். அங்கே குளிர்காலத்திலும் பயிற்சி நடக்கும். ஊசி போல ஒடுங்கிய படகுகளில் அவர்கள் துடுப்பு வலிக்க, பயிற்சியாளர் ஒரு மோட்டார் படகில் பின்னால் போவார். யாராவது கவிழ்ந்தால் தூக்கி எடுக்க அந்தப் படகு ஒன்றுதான் உண்டு.

பயிற்சியாளரின் பெயர் ழெரார். அறுபதை நெருங்கிய மனிதர், நல்ல உயரம். நான் போகும்போதெல்லாம் போத்தலில் கொண்டுவந்த கோப்பியை மூடியில் ஊற்றித் தருவார். என் பிரெஞ்சைத் திருத்தமாட்டார், காத்திருந்து கேட்பார்.

அன்று காலை எட்டு மணிக்கு அவர் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தார். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இரவு பூச்சியத்துக்கு நான்கு பாகை கீழே போயிருந்தது. நான் பட்டறையின் வான் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது மிதவை மேடைப் பலகைகளில் உறைபனி பிடித்து வழுக்கியது. அவர் ஏற்கெனவே பதினைந்து இருபது தடவை எஞ்சின் திறப்பைத் திருப்பியிருந்தார். துடுப்புக்காரர்கள் உடம்பு குளிராமல் இருக்கக் கரை ஓரமாக வலித்துக்கொண்டு போய்விட்டார்கள். வசந்தத்தில் பெரிய போட்டி. எல்லோருக்கும் அவசரம்.

நான் செய்யவேண்டியதைச் செய்தேன். பெற்றோல் வருகிறது, வடிகட்டியில் உறைந்த தண்ணீர் இல்லை. திறப்பைப் போட்டதும் பெற்றோல் பம்ப் இரண்டு மூன்று விநாடிக்கு ரீங்காரமிட வேண்டும். அது முனகியது. மீற்றரைப் பற்றரியில் வைத்துக்கொண்டு திறப்பைத் திருப்பச் சொன்னேன். முள் விழுந்த விழுகையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வானில் பூஸ்டர் இருந்தது. சோற்றுப் பெட்டி அளவான சின்னப் பெட்டி, இரண்டு கவ்விகள். கொழுவினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ழெரார் கைகளைத் தட்டினார்.

"போகலாமா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தவற்றைச் சொல்கிறேன். அந்த அளவுப் புதுப் பற்றரி வானில் இல்லை, முதல்நாள் வேறொரு படகுக்குப் போட்டுவிட்டேன். பட்டறைக்குப் போய் எடுத்துவர ஒன்றரை மணித்தியாலமாவது ஆகும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். இன்னொரு வாடிக்கையாளர் ஷரந்தோனில் எனக்காகக் காத்திருக்கிறார், இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். ஓடுகிற எஞ்சின் பற்றரியைத் தானே நிரப்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெதுவாக ஓடும் எஞ்சின் குளிரில் பெரிதாக எதையும் நிரப்பாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

"போகலாம், பின்னேரம் வந்து பற்றரியை மாற்றித் தருகிறேன்" என்றேன். பிறகு குனிந்து பூஸ்டரின் வயர்களைச் சுருட்டியபடி "நே கூப்பே பா லு மொத்தேர்" என்றேன். எஞ்சினை அணைக்காதீர்கள். என் முதுகு அவர் பக்கம். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. அவர் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலைச் சீட்டில் "ஸ்டார்ட் எடுத்தது, சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேல்தாளை நான் வைத்துக்கொண்டு நகலை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தார். பூஸ்டரைத் தூக்கி வானில் போட்டேன். அதை அவருடைய படகில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஷரந்தோனில் தேவைப்படும் என்று எடுத்து வந்தேன். அங்கே அதை வெளியே எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

மிச்சத்தை நான் பார்க்கவில்லை. கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண் பார்த்து, பின்னர் பொலிஸுக்குச் சொன்னது இது. லூசி என்ற பல்கலைக்கழக மாணவி தனிப் படகில் வலித்துக்கொண்டிருந்தாள். ழெரார் அவளிடம் ஏதோ விளக்கிச் சொல்வதற்காக எஞ்சினை அணைத்தார். குரல் கேட்க வேண்டும் என்றால் எல்லாப் பயிற்சியாளர்களும் செய்வதுதான். பேசி முடித்ததும் அவள் வலித்துக்கொண்டு போனாள். இருநூறு மீற்றர் தள்ளித் துடுப்பு எதிலோ சிக்கிப் படகு கவிழ்ந்தது. ழெரார் திறப்பைத் திருப்பினார். டக் என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார், மறுபடியும். பிறகு படகில் கிடந்த ஒற்றைத் துடுப்பை எடுத்து வலிக்கத் தொடங்கினார். அகலமான அந்தப் படகு ஒற்றைத் துடுப்புக்கு அசையவில்லை, நீரோட்டம் வேறு பக்கம் இழுத்தது. நாயோடு வந்த பெண் பொம்பியேக்கு, தீயணைப்பு மீட்புப் படைக்கு, தொலைபேசி எடுத்துவிட்டுக் கத்திக்கொண்டே கரையில் ஓடினாள். லூசியின் தலை ஒருதரம் தண்ணீருக்குள் போய் வந்தது. ழெரார் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார்.

அவர் அவளை எட்டிப் பிடித்துக் கவிழ்ந்த படகின் முதுகில் ஏற்றிவிட்டார். தானும் ஏற அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்தபடி அவளோடு பேசிக்கொண்டே இருந்தாராம். பொம்பியே வந்து இருவரையும் எடுத்தார்கள். லூசி பிழைத்தாள். ழெராரின் இதயம் அன்று மாலை மருத்துவமனையில் நின்றுவிட்டது.

நான் புதுப் பற்றரியை வானில் ஏற்றிக்கொண்டு பின்னேரம் மூன்று மணிக்குக் கழகத்துக்குப் போனபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

திங்கட்கிழமை காலை குணம் அண்ணை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் என் வேலைச் சீட்டு இருந்தது.

"நீர் அந்தாளுக்கு எஞ்சினை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொன்னனீரோ, இல்லையோ?"

"சொன்னனான் அண்ணை."

"அப்ப அதை ஏன் இதிலை எழுதேல்லை?"

அவர் பேனையை என் பக்கம் தள்ளினார்.

"உம்மைப் பொய் எழுதச் சொல்லேல்லை. சொன்னதைத்தான் எழுதச் சொல்லுறன். அவரிட்டை இருந்த நகல் தண்ணிக்கை கூழாப் போச்சாம். நாளைக்குப் பொலிஸ் இந்தத் தாளைக் கேட்கும். இஞ்சை நாலு குடும்பம் சாப்பிடுது, யோசியும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. நாட்டை விட்டு வந்து, சந்தைக் கடைகளில் பெட்டி சுமந்து, அந்தப் பட்டறையைத் தன் கையால் எழுப்பியவர். நானும் யோசித்தேன். சொன்னது உண்மை. உண்மையை எழுதுவதில் என்ன பிழை? அதே நீலப் பேனையால், என் கையெழுத்துக்கு மேலே இருந்த இடைவெளியில், "எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று பிரெஞ்சில் எழுதினேன். வரி அழகாகப் பொருந்திவிட்டது. அது முதலே அங்கே இருந்த மாதிரித்தான் தெரிந்தது.

மறுநாள் பொலிஸ் வந்து தாளை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கழித்து என்னை விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்த அன்றுதான் வரி சேர்த்ததை மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் லா ஷப்பலில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து கேட்டாள்.

"நீங்கள் சொன்னது அந்தாளுக்குக் கேட்டதோ?"

"தெரியாது."

"தெரிவிக்கப்பட்டது எண்டெல்லோ எழுதியிருக்கிறீங்கள். கேட்டதோ எண்டே தெரியாமல் எப்பிடித் தெரிவிச்சதாகும்?"

"நான் சொன்னனான் சாந்தி. அது பொய்யில்லை."

"பொய்யில்லை. ஆனா இனி எல்லாரும், மெக்கானிக் சொல்லச் சொல்லக் கேக்காமல் நிப்பாட்டினவர் எண்டு அந்தாளைத்தானே சொல்லப்போகினம். அவர் வந்து இல்லையெண்டு சொல்லப்போறாரே?"

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். எழுந்து போய் உலையை வைத்தாள்.

விசாரணை செய்தவர் ஒரு பெண் அதிகாரி. நிபுணர் ஒருவர் எஞ்சினைக் கழற்றிப் பார்த்திருந்தார். பற்றரியில் இருந்து எஞ்சினுக்குப் போகும் எதிர்மின் வயர் அதன் உறைக்குள்ளே பச்சை பிடித்து உளுத்துப் போயிருந்ததாம். வெளியே பார்த்தால் தெரியாது, கையால் வளைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வளைத்துப் பார்க்கவில்லை. அதிகாரி என் வேலைச் சீட்டை மேசையில் வைத்து, விரலால் அந்த வரியைத் தொட்டார்.

"நீங்கள் அவரை எச்சரித்திருக்கிறீர்கள்."

ஓம் என்று ஒரு சொல் போதும். அறை வெதுவெதுப்பாக இருந்தது. அவரும் அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

"அந்த வரியைத் திங்கட்கிழமை எழுதினேன்" என்றேன். "சனிக்கிழமை அது இருக்கவில்லை. நான் ஏதோ சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நான் திரும்பி நின்றேன். அவருக்குக் கேட்டது என்று என்னால் சொல்ல முடியாது."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இது எனக்கே கெடுதல் என்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். எழுதிய கை என்னுடையது என்றேன். அதைத் தவிர வேறு பதில் நான் கொடுக்கவில்லை. அதுவும் சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வழக்கு நீண்டது. எஞ்சினைப் பராமரிக்காததற்குக் கழகத்தின் மீதும், அந்த நிலையில் படகைப் போகவிட்டதற்குப் பட்டறையின் மீதும் பொறுப்பு வைத்தார்கள். தீர்ப்பில் என் பெயரும் இருக்கிறது. கழகத்தின் வேலை எங்களை விட்டுப் போனது, அதைப் பார்த்து இன்னும் இரண்டு இடங்கள் போயின. குணம் அண்ணை என்னை வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை விஷயம் தவிர ஒரு சொல் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய அன்றும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்புக்கு முன்பே ஒருநாள் மதியம் ழெராரின் மனைவி பட்டறைக்கு வந்தார். சாம்பல் நிறக் குட்டைத் தலைமுடி, கையில் குடை. பெயரைச் சொல்லி என்னைத்தான் கேட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். கால்வாய் ஓரமாக நின்றோம்.

"அவரிடம் நீங்கள் சொன்னதை, சொன்ன மாதிரியே எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். எப்படி நின்றேன் என்றும் கேட்டார். திரும்பிக் குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அவர் கால்வாய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரண்டு மாதமாக நான் அவரோடு கோபமாக இருந்தேன்" என்றார். "சொல்லியும் கேட்காமல் எஞ்சினை அணைத்துவிட்டாரே என்று. செத்துப்போன மனிதரோடு ஒரே வீட்டில் கோபமாக இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. இனி அவரோடு கோபிக்க வேண்டியதில்லை." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இனி உங்களோடு கோபமாக இருப்பேன். அது எனக்குச் சுலபம்."

தலையை ஆட்டினேன். அவர் கையை நீட்டினார். என் கையில் கிரீஸ் இருந்தது, தயங்கினேன். அவர் பொருட்படுத்தாமல் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். லூசி எப்படி இருக்கிறாள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். அவள் படிப்பை முடித்துவிட்டாள் என்றும் பிறகு துடுப்பைத் தொடவில்லை என்றும் வேறொருவர் மூலம் அறிந்தேன்.

பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஸ்டார்ட் எடுத்தது என்பது ஒரு செய்தி, போகலாம் என்பது வேறு செய்தி. முதலாவதை எஞ்சின் சொல்லும். இரண்டாவதை நீங்கள்தான் சொல்லவேண்டும். சொல்வதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டு, பூஸ்டர் இல்லாமல், அதே குளிரில் வைத்து, மறுபடியும் ஸ்டார்ட் எடுத்துப் பாருங்கள். சூடேற்றிய பட்டறைக்குள் பார்த்த பரிசோதனையை நம்பவேண்டாம். எச்சரிக்கை ஏதும் இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அவர் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். எழுதுவதை அந்த இடத்திலேயே எழுதுங்கள். அன்று எழுதாத வரியை அடுத்த நாள் சேர்க்காதீர்கள், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும்.

ழெரார் இறந்ததற்கு அடுத்த குளிர்காலத்தில், சேன் ஆற்றங்கரையில் பாலத் தூண்களைப் பழுது பார்க்கும் ஒரு குழு கூப்பிட்டது. ஆற்றில் விழுபவரைத் தூக்க அவர்கள் வைத்திருந்த காவல் படகு காலையில் ஸ்டார்ட் எடுக்கவில்லை. பூஸ்டர் போட்டதும் எடுத்தது. அணைத்தேன், ஐந்து நிமிடம் விட்டுத் திறப்பைத் திருப்பினேன், எடுக்கவில்லை. திறப்பைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புதுப் பற்றரிக்குப் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

குழுவின் மேற்பார்வையாளர் சிவந்துபோனார். ஆறு பேர் சும்மா நிற்கிறார்கள், வேலை நாள் போகிறது, ஓடின எஞ்சினை நீதான் நிறுத்தினாய் என்று கத்தினார். திறப்பைத் தா என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. எங்கள் பத்ரோனுக்கே தொலைபேசி எடுத்து முறையிட்டார். குணம் அண்ணை என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் தொலைபேசியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். கைவிரல்கள் விறைக்க விறைக்க நான் இரண்டு மணித்தியாலம் மேடையிலேயே நின்றேன். ஒருவரும் ஒரு கோப்பிகூடத் தரவில்லை.

பற்றரியோடு வான் வந்தபோது குணம் அண்ணையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மாற்றினோம். வயர்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். பூஸ்டர் இல்லாமல் இரண்டு தடவை அணைத்து எடுத்துக் காட்டிவிட்டுத் திறப்பைக் கொடுத்தேன். அன்று அந்த ஆற்றில் ஒருவரும் விழவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

பின்னேரம் சீட்டில் கையெழுத்து வாங்கப் போனபோது மேற்பார்வையாளர் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டார். "பார்த்தாயா, நாள் முழுக்க அந்தப் படகு தேவைப்படவே இல்லை. என் அரை நாளைச் சும்மா வீணாக்கிவிட்டாய்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வானில் ஏறினேன்.